நீல ஒயர், வெள்ளை ஒயர்: கேரவன் பிரேக் பற்றி வாசகர் கேள்விகள்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து ஆஸ்திரேலியாவில் எல்லோரும் வீடு திரும்பியதும் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு) பிரேக் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழில் எலெக்ட்ரிக் பிரேக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் நீளம். பின்னால் வரும் கேள்விகளில் பாதிக்கு விடை அதிலேயே இருப்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் கேரவனுக்கு இரண்டு அச்சு, நான்கு சக்கரம். சாமான் ஏற்றினால் 2,400 கிலோ வரும். பிரேக் மிதித்தால் கேரவன் காரைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. காருக்குள்ளிருந்து கேரவன் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலரில் அளவை முழுதாகக் கூட்டியும் பலனில்லை. கன்ட்ரோலர் போய்விட்டது என்று கடையில் சொன்னார்கள், புதிதாக மாற்றினேன், அதே கதைதான். கேரவன் ஒயரைக் காரோடு இணைக்கும் பிளக்கில் 12 வோல்ட் சரியாக வருகிறதாம். அடுத்து எதை மாற்றுவது? (வாசகர், டாண்டெனாங்)

பதில்: எதையும் மாற்றாதீர்கள், அளந்து பாருங்கள். புது கன்ட்ரோலர் போட்டும் அதே தொல்லை என்றால் கோளாறு ஒயரில் இருக்கிறது, இல்லையென்றால் சக்கரத்தில் இருக்கிறது. பிளக்கில் 12 வோல்ட் வருகிறது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டமான இரும்பு உறைதான் டிரம். அதைக் கழற்றினால் உள்ளே உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மின்காந்தம் இருக்கும். கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்பியதும் அது சுற்றிக்கொண்டிருக்கும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டும், டிரம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் திரும்பி, ஷூ எனப்படும் வளைந்த பிரேக் கட்டை இரண்டையும் விரித்து டிரம்மோடு அழுத்தும். அதாவது மின்சாரம் செய்யும் வேலை ஒட்டிக்கொள்வது மட்டும்தான், அழுத்துகிற பலமெல்லாம் சக்கரம் சுற்றுவதிலிருந்து வருகிறது. எவ்வளவு பலமாக ஒட்டும் என்பது எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. 10 அங்குல, 12 அங்குல பிரேக்குக்கு முழு பலத்தில் சக்கரத்துக்கு 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 12 ஆம்பியராவது ஓட வேண்டும்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அடைப்பு இருந்தாலும், குழாயை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் இருப்பது போலத்தான் தெரியும். திறந்தால்தான் நூல் மாதிரி ஒழுகுவது தெரியும். ஒயரும் அப்படியே. பத்துப் பதினைந்து செம்பு இழைகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஒன்றுமே இல்லை. 12 ஆம்பியர் இழுக்கும்போது அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாது.

சரி, எப்படி அளப்பது? முதலில் கேரவனின் பிளக்கைக் காரிலிருந்து கழற்றுங்கள். இங்குள்ள 7 பின் தட்டை பிளக்கில் 5ஆம் பின் நீல ஒயர், அது பிரேக். 3ஆம் பின் வெள்ளை, அது எர்த். 12 பின் பிளக்காக இருந்தாலும் முதல் ஏழும் அதே வரிசைதான். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இந்த இரண்டு பின்னுக்கும் நடுவே அளவுங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் 0.2, 0.3 ஓமைக் குறித்துக்கொண்டு கடைசியில் கழித்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முழுக் கணக்கும் தப்பாகிவிடும். காந்தம் ஒவ்வொன்றும் 3 முதல் 4 ஓம் இருக்கும், நான் அதிகம் பார்ப்பது 3.2. நான்கும் இணையாகச் சேர்ந்தால் 0.8 ஓம் வர வேண்டும். 1.07 வந்தால் மூன்றுதான் வேலை செய்கிறது. 1.6 வந்தால் இரண்டு. 3.2 வந்தால் நீங்கள் நான்கு சக்கரக் கேரவனை ஒரே ஒரு பிரேக்கோடு மலை இறக்கத்தில் ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்த ஒரு அளவுக்கு ஐந்து நிமிடம் போதும், ஜாக்கி கூட வேண்டாம்.

ஓம் சரியாக வந்தாலும் அங்கே நிறுத்தக் கூடாது. முழுதாகச் சார்ஜ் ஆன ஒரு தனி பேட்டரியை 20 ஆம்பியர் பியூஸ் ஒன்றின் வழியாக அதே நீலம், வெள்ளை பின்களில் கொடுத்து ஓடும் ஆம்பியரை அளவுங்கள். இங்கே இரண்டு எச்சரிக்கை. சாதாரண மல்டிமீட்டரின் ஆம்பியர் அளவு 10 வரைதான், நான்கு காந்தத்தை அதன் வழியாக ஓட்டினால் மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். கவ்வி மீட்டர் வாங்கினால் டிசி அளக்கக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள், மலிவானவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும், இந்த வேலைக்கு ஆகாது. அப்புறம், ஒரு சில விநாடிக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், காந்தம் சூடாகும்.

தனி பேட்டரியில் 12 ஆம்பியரோ அதற்குச் சற்று மேலோ ஓடினால் கேரவன் பக்க ஒயரிங் நன்றாக இருக்கிறது. அப்போது காருக்குள் கன்ட்ரோலரிலிருந்து பின்பக்கப் பிளக் வரை போகும் ஒயரைப் பாருங்கள். 6, 7 என்று வந்தால் கோளாறு கேரவனில்தான். ஓம் சரி, ஆம்பியர் குறைவு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது வெள்ளை ஒயரைத்தான். எல்லோரும் நீல ஒயரைத்தான் துருவித் துருவிப் பார்க்கிறார்கள், ஆனால் போன மின்சாரம் முழுதும் திரும்பி வருவது வெள்ளையில்தானே. போன குளிர்காலத்தில் என் பட்டறைக்கு ஒரு கேரவன் வந்தது, உங்கள் கதையேதான், அவர் இரண்டாவது கன்ட்ரோலரில் இருந்தார். இழுவைச் சட்டத்தின் அடியில் படுத்துப் பார்த்தேன். எர்த் ஒயரை ஒரு ஸ்குரு போட்டுச் சட்டத்தில் இறுக்கியிருந்தார்கள், பெயின்டைச் சுரண்டாமல், பெயின்டின் மேலேயே. விரலால் லேசாகத் தொட்டதும் ஒயர் கையோடு வந்துவிட்டது. நுனியில் பச்சைப் பொடி பூத்திருந்தது, உறையை வெட்டிப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டிவிட்டு, புது ஒயர் போட்டு, சட்டத்தை நம்பாமல் வெள்ளையைப் பிளக்கிலிருந்து அச்சு வரைக்கும் தனியாக இழுத்துக் கொடுத்தேன். 5 ஆம்பியர் ஓடிய இடத்தில் 13 ஓடியது.

ஒயரின் தடிமனையும் பாருங்கள். இங்கே கடையில் '4 மி.மீ. ஒயர்' என்று விற்பது செம்பின் அளவு இல்லை, ரப்பர் உறையோடு சேர்ந்த வெளிக் குறுக்களவு. அதற்குள் இருக்கும் செம்பு 1.84 சதுர மி.மீ.தான். 10 மீட்டர் நீளத்துக்கு அதைப் போட்டு 12 ஆம்பியர் இழுத்தால், போக வரச் சேர்த்து 2 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே செலவாகிவிடும். '6 மி.மீ.' என்று விற்பதில் 4.6 சதுர மி.மீ. செம்பு இருக்கிறது, அதில் இழப்பு 1 வோல்ட்டுக்குள் அடங்கும். பிரேக்குக்கு நான் 6க்குக் கீழே போடுவதில்லை.

மின்சாரமெல்லாம் சரி, 12 ஆம்பியர் ஓடுகிறது, ஆனாலும் நிற்கவில்லை என்றால் அப்போதுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஷூ தேய்ந்து டிரம்முக்குத் தூரமாக இருக்கலாம், கிரீஸ் கசிந்து ஷூவில் ஊறியிருக்கலாம், காந்தத்தின் முகம் தேய்ந்து உள்ளே செம்புச் சுருள் தெரியலாம். கிரீஸ் ஊறிய ஷூவை எதைப் போட்டுக் கழுவினாலும் பயனில்லை, சூடானதும் மறுபடி கசியும். அந்த அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கேரவன் ஒரு பக்கமாக இழுக்கும். கசிவுக்குக் காரணமான பேரிங் சீலையும் அப்போதே மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: நல்ல சாலையில் பிரேக் ஒழுங்காக இருக்கிறது. மண் சாலையிலோ குலுங்குகிற இடத்திலோ போனால் கன்ட்ரோலர் கேரவன் இணைக்கப்படவில்லை என்று காட்டுகிறது, சில நேரம் ஷார்ட் என்று காட்டுகிறது, நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. பட்டறையில் மூன்று முறை பார்த்துவிட்டார்கள். (வாசகி, லோகன்)

பதில்: மூன்று முறையும் வண்டி நின்றபடிதானே பார்த்திருப்பார்கள்? ஓடும்போது வரும் கோளாறு நிற்கும்போது கிடைக்காது.

பல கேரவன்களில் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குப் போகும் ஒயரை அச்சுக் குழாயின் உள்ளே விட்டிருப்பார்கள். வெளியே தெரியாது, கல் அடிக்காது, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் உள்ளே அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரும்பில் உரசிக்கொண்டே இருக்கும். சில வருடத்தில் உறை தேய்ந்து செம்பு அச்சைத் தொடும். தொடுகிற நொடியில் ஷார்ட், விலகினதும் சரி. முழுதாக அறுந்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் அடியோடு போய்விடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. மீட்டரை ஓமில் வைத்து, நீல பின்னிலும் வெள்ளை பின்னிலும் மாட்டிவிட்டு, வேறொருவரை அச்சுக்கு அடியில் அனுப்பி (கட்டை கொடுத்து, சக்கரத்தைத் தடுத்து வைத்த பிறகு) ஒவ்வொரு ஒயராக இழுத்து ஆட்டச் சொல்லுங்கள், ரப்பர் சுத்தியலால் அச்சைத் தட்டச் சொல்லுங்கள். எண் துள்ளினால் இடம் கிடைத்துவிட்டது. அதை உள்ளேயே ரிப்பேர் செய்ய முயலாதீர்கள். பழைய ஒயரை அப்படியே விட்டுவிட்டு, நெளி பிளாஸ்டிக் குழாய்க்குள் புது ஒயர் போட்டு அச்சின் வெளியே பின்பக்கமாகக் கட்டுங்கள். பழையதை இரண்டு முனையிலும் வெட்டிவிட மறக்க வேண்டாம், இணைப்பில் விட்டால் ஷார்ட் அப்படியே இருக்கும். புது இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல், பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள்: காந்தத்தின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு, ஒரு ஒயருக்கும் காந்தத்தின் இரும்பு உடம்புக்கும் நடுவே ஓம் அளந்தால் முடிவிலி காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் காந்தத்துக்கு உள்ளேயே கசிவு, அதை மாற்றத்தான் வேண்டும். காந்தத்துக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பக்கம் கிடையாது, எந்த ஒயரை எதில் கொடுத்தாலும் வேலை செய்யும்.

கேள்வி: நான்கு பிரேக்கும் புதிதாக மாற்றியாயிற்று. ஆனால் பழைய பிரேக்கை விட மோசமாக இருக்கிறதே, ஏமாந்துவிட்டேனா? (வாசகர், துங்காபி, சிட்னி)

பதில்: இல்லை. புது ஷூவும் டிரம்மும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், காந்தத்தின் முகமும் டிரம்மில் பொருந்தித் தேய வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 65 கி.மீ. வேகத்திலிருந்து 30க்கு 20, 30 தடவை இறக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆற விட்டு. பிறகு 300 கிலோமீட்டர் ஓடியதும் ஷூவை ஒரு தடவை நெருக்கி வைக்க வேண்டும். புதிதாக மாற்றுகிறவர்களில் நிறையப் பேர் இந்த இரண்டாவது வேலையைச் செய்வதே இல்லை.

நெருக்குவது கடினமில்லை. சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்), பின்தட்டின் கீழ்ப்பக்கம் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே பல் வைத்த ஒரு சிறு சக்கரம் தெரியும். திருப்புளியால் அதை ஒவ்வொரு பல்லாகத் தள்ளிக்கொண்டே கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், முன்னோக்கி மட்டும். சுற்ற முடியாத அளவுக்கு இறுகும்வரை தள்ளிவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பித் தளர்த்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் ஷூ லேசாக உரசுகிற சத்தம் காதுக்குக் கேட்க வேண்டும். அந்தச் சத்தம்தான் அளவு. அதன் பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

உங்கள் கேரவன் பழையது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடை செய்யப்பட்டது 2003 டிசம்பர் 31 அன்று. அதற்கு முந்தைய ஷூவில் அது இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: விக்டோரியா பாஸ் மலைச்சாலை இறக்கத்தில் இறங்கி முடித்தபோது கருகல் வாடை. இடது பின்சக்கரத்தைத் தொட முடியவில்லை, மற்ற மூன்றும் வெதுவெதுப்பாக இருந்தன. (வாசகர், பாரமட்டா)

பதில்: இதில் எனக்குக் கவலை அந்த மூன்று சக்கரம் பற்றியும்தான். அவ்வளவு செங்குத்தான இறக்கத்தில் நான்கும் நன்றாகச் சூடாக வேண்டும். ஒன்று மட்டும் எரிகிறது என்றால் இரண்டில் ஒன்று: அந்த ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது மற்ற மூன்றும் வேலையே செய்யாமல் முழுச் சுமையும் அதன் மேல் விழுந்திருக்கிறது. முதல் பதிலில் சொன்ன ஓம் அளவு எடுத்தால் எது என்று தெரிந்துவிடும். 0.8 வந்தால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பிளக் கழற்றியிருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால் ஷூ அதிகமாக நெருக்கப்பட்டிருக்கிறது, இல்லையேல் இழுப்பு ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. பிரேக்கே இல்லை, பேரிங் போய்ச் சூடாவதாகவும் இருக்கலாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள்.

இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்க வேண்டும்.

கேள்வி: வெறும் கேரவனோடு போனால் லேசாகத் தொட்டாலே சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிடுகிறது. (வாசகர், ஜீலாங்)

பதில்: சாமான் ஏற்றியபோது வைத்த அளவிலேயே கன்ட்ரோலர் இருக்கிறது. எடை மாறும்போதெல்லாம் அளவையும் மாற்ற வேண்டும். காய்ந்த, சமதளமான இடத்தில் 40 கி.மீ. வேகத்தில் போய், காரின் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரின் கைப் பொத்தானை மட்டும் முழுதாக அழுத்துங்கள். கேரவன் காரைப் பிடித்து இழுப்பது தெரிய வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டக் கூடாது. பூட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் அளவே சரி.

கேள்வி: படகு ட்ரெய்லருக்கு எலெக்ட்ரிக் பிரேக் போடலாமா? மொத்தம் 1,200 கிலோ. (வாசகர், பெர்த்)

பதில்: 750 கிலோ வரைதான் இங்கே பிரேக் இல்லாமல் இழுக்கலாம், அதனால் உங்களுக்கு ஏதோ ஒரு பிரேக் கட்டாயம், ஓர் அச்சின் இரண்டு சக்கரத்துக்காவது. ஆனால் உப்புத் தண்ணீரில் இறக்குகிற ட்ரெய்லருக்கு எலெக்ட்ரிக் டிரம்மை நான் சொல்ல மாட்டேன், காந்தமும் ஸ்பிரிங்கும் சீக்கிரமே துருவேறிவிடும். 2,000 கிலோ வரை ஓவர்ரைடு பிரேக்குக்கு (கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னே தள்ளும் தள்ளலிலேயே பிடிக்கும் பிரேக்) அனுமதி உண்டு. டிஸ்க் உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: பிரேக்அவே சுவிட்சைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அதன் கம்பியைக் கேரவனின் பாதுகாப்புச் சங்கிலியோடு மாட்டியிருக்கிறேன், சரிதானே? (வாசகி, அடிலெய்டு)

பதில்: சரியில்லை, இன்றைக்கே மாற்றுங்கள். கேரவன் காரை விட்டுக் கழன்றால் அந்தக் கம்பி சுவிட்சில் செருகியிருக்கும் பின்னை உருவி, கேரவனில் இருக்கும் சிறு பேட்டரி பிரேக்கைத் தானாகப் பிடிக்க வேண்டும். கம்பியைக் கேரவனின் சங்கிலியிலேயே மாட்டினால் சங்கிலி கழன்றுகொள்ளும்போது கம்பியும் கூடவே போய்விடும், பின் உருவாது. காரின் உடம்போடு உறுதியாக இருக்கும் ஒரு இடத்தில் மாட்டுங்கள், திருப்பத்தில் இழுபடாத அளவுக்கு நீளமும், தரையில் தேயாத அளவுக்குக் குட்டையும் இருக்கட்டும்.

2,000 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு இது சட்டப்படி கட்டாயம், கழன்ற பிறகு 15 நிமிடமாவது பிரேக் பிடித்திருக்க வேண்டும். சோதிக்கும்போது முதலில் காரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கேரவன் பேட்டரியின் மின்சாரம் பின்வழியாகக் கன்ட்ரோலருக்குள் போய் அதைக் கெடுக்கலாம். ஒரு சக்கரத்தைத் தூக்கி, கையால் முன்னோக்கிச் சுற்றிவிட்டு, உடன் இருப்பவரைப் பின்னை உருவச் சொல்லுங்கள். சக்கரம் டக்கென்று நிற்க வேண்டும். சுற்றாமல் சும்மா நிற்கும் சக்கரத்தில் இதைப் பார்க்க முடியாது, காந்தம் ஒட்டினாலும் டிரம் திரும்பினால்தான் ஷூ விரியும். நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பின்னை உடனே திரும்பச் செருகிவிடுங்கள். ஒருவர் மறந்துபோய்ப் பின் உருவியபடியே கேரவனை இரவு முழுதும் விட்டுவிட்டார், காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது.